வின்னிபெக் வீட்டுக்கு என்ன கதவு?

கேள்வி: என் மகன் கனடாவில் வின்னிபெக்கில் போன வருஷம் பழைய வீடு ஒன்று வாங்கினான். வீட்டை ஒட்டினாற்போல் இரண்டு கார் நிற்கிற கேரேஜ். அதன் கதவு வெறும் தகரம். கேரேஜுக்கு மேலேதான் பேரனின் அறை. தரையில் கால் வைக்க முடியவில்லை என்கிறான் பையன். கதவை மாற்ற மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "அப்பா, நீங்க மில் நடத்துன ஆளு, பாத்துச் சொல்லுங்க" என்கிறான் மகன். ஒன்றில் ஆர்-6, இன்னொன்றில் ஆர்-12, மூன்றாவதில் ஆர்-18 என்று போட்டிருக்கிறது. கடைசிக் கதவு முதல் கதவைப்போல் இரண்டு மடங்கு விலை. நெல்லைக் கையில் அள்ளினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். இந்த ஆர் மட்டும் பிடிபடவில்லை. எதை வாங்கச் சொல்வது?
— வாசகர், வலங்கைமான்

பதில்: நடுவில் இருப்பதை வாங்கச் சொல்லுங்கள். மிச்சமாகிற பணத்தைக் கதவோரச் சந்தை அடைக்கிற ரப்பருக்கும், பேரன் அறைக்குக் கீழே இருக்கிற கூரைக்கும் செலவு செய்யச் சொல்லுங்கள். அவசரமாக இருந்தால் இதோடு பக்கத்தைத் திருப்பிவிடலாம். சாவகாசமாக இருந்தால் ஏன் என்று சொல்கிறேன்.

நாகப்பட்டினத்தில், அக்கரைப்பேட்டைப் பக்கம், ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் இருந்தவன் நான். கதவு என்றால் எனக்குக் குளிரை உள்ளே பிடித்து வைக்கிற கதவு. எட்மன்டனில் மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தபோதுதான் குளிரை வெளியே நிறுத்துகிற கதவைப் பார்த்தேன். சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்ட மாதிரிதான். தையல் அதே தையல்.

உங்கள் மில்லில் உமி மலைபோல் குவிந்திருக்குமே, அந்த உமியைத்தான் நாங்கள் வாங்கி வந்து ஐஸ் பார் மேல் கொட்டுவோம். உமி கிடைக்காத நாளில் மரத்தூள். உமி எப்படி ஐஸைக் காப்பாற்றுகிறது? அதற்குள் சின்னச் சின்னதாகக் காற்று அடைபட்டிருக்கிறது. நகராத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடக்க விடாது. கதவுக்குள் வைக்கிற நுரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. எவ்வளவு பிடிவாதமாகத் தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் ஆர். எண் இரட்டித்தால் கடந்து போகிற வெப்பம் பாதியாகும். கனடாவில் சில தாள்களில் ஆர்எஸ்ஐ என்றும் போடுவார்கள். அது மெட்ரிக் கணக்கு, 5.68-ஆல் பெருக்கினால் ஆர் வந்துவிடும். ஆர்எஸ்ஐ 2.1 என்று பார்த்து "இது ரொம்பக் குறைச்சலாச்சே" என்று தம்பி ஒதுக்கிவிடப் போகிறார், அதுதான் ஆர்-12.

இப்போது மில் கணக்குப் போடுவோம். இரண்டு கார் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். கேரேஜ் உள்ளே 5 டிகிரி, வெளியே மைனஸ் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வின்னிபெக் ஜனவரிக்கு மைனஸ் 25 ஒன்றும் அதிசயமில்லை. வெறும் தகரக் கதவின் ஆர் ஏறக்குறைய 1. அதன் வழியே வெளியே ஓடுகிற வெப்பம் சுமார் 1,770 வாட். ஆர்-6 போட்டால் 295 வாட். ஆர்-12 என்றால் 148. ஆர்-18 என்றால் 98.

முதல் தாவலைப் பாருங்கள். தகரத்திலிருந்து ஆர்-6-க்குப் போனாலே கிட்டத்தட்ட 1,475 வாட் மிச்சம். நம் வீட்டில் பக்கெட் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு ஒன்றை இரவு பகலாக நிறுத்தி வைத்த மாதிரி. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் இன்னொரு 147. அதுவும் பரவாயில்லை, ஐந்து மாதக் குளிருக்குப் போட்ட பணம் மெல்லத் திரும்பி வரும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்கு? ஐம்பது வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுகூட இல்லை. அந்தப் பல்புக்காகத்தான் விலை அவ்வளவு ஏறுகிறது.

கேரேஜுக்குத் தனியாக ஹீட்டர் போட்டு, குளிர்காலம் முழுக்க உள்ளே நின்று மர வேலையோ வண்டி வேலையோ செய்கிற ஆள் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். கார் நிறுத்த மட்டும் என்றால் பன்னிரண்டு போதும்.

ஆனால் ஐயா, இதுவரை போட்டது காகிதக் கணக்கு. அந்த ஆர் எண்ணைப் பெரும்பாலும் பலகையின் நட்டநடுவில் அளந்து போடுகிறார்கள். கதவு என்பது நான்கைந்து பலகைகள் கீல் போட்டுக் கோத்தது. பலகைக்குப் பலகை மூட்டு இருக்கிறது, ஓரச்சட்டம் இருக்கிறது, சுற்றிலும் சந்து இருக்கிறது. முழுக் கதவையும் மாட்டிச் சோதித்தால் எண் நன்றாகவே இறங்கும். அப்படிச் சோதித்த எண்ணுக்கு யு-மதிப்பு என்று பெயர், அது குறையக் குறைய நல்லது. மூன்று கடைக்காரரிடமும் "முழுக் கதவுக்கு யு-மதிப்பு என்ன?" என்று தம்பி கேட்கட்டும். பதில் சொல்கிறவர் கதவைப் பற்றித் தெரிந்தவர்.

எட்மன்டனில் முதல் ஜனவரியில் ஒரு விடியற்காலை காபியோடு கேரேஜுக்குப் போனேன். மகள் வீட்டுப் பழைய கதவு, உள்ளே நுரை வைத்த கதவுதான். விளக்கைப் போட்டால் கதவின் உள்பக்கம் முழுக்கப் புள்ளி வைத்திருந்தது. வரிசையாக, ஒரே இடைவெளியில், மிளகு அளவு வெள்ளைப் புள்ளிகள். மார்கழியில் புள்ளி வைத்துவிட்டுக் கம்பி இழுக்காமல் விட்ட கோலம் மாதிரி. கிட்டே போய் நகத்தால் சுரண்டினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு திருகாணித் தலை, அதன்மேல் உறைபனி. பலகை மூட்டு இருக்கிற இடத்தில் புள்ளி இல்லை, முழுநீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ் ரூமில் இதைத்தான் தினமும் பார்ப்போம், வெளிப்பக்கமாக. கதவில் எங்கே இரும்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போகிறதோ அங்கே வேர்க்கும். எங்கள் மேஸ்திரி ராத்திரி ஷிப்டில் கதவைக் கையால் தடவிக்கொண்டே போவார். ஈரம் பட்ட இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு, காலையில் அங்கே வேலை. நுரை எத்தனை கனமாக இருந்தாலும் இரும்பு ஒரு பாலம் போட்டுக் கொடுத்தால் குளிர் அந்தப் பாலத்தில் நடந்து வரும்.

அதனால் கதவு வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: வெளித்தகடும் உள்தகடும் எங்காவது தொடுகின்றனவா? நல்ல கதவில் இரண்டுக்கும் நடுவே ஓரங்களில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொடுத்துப் பிரித்திருப்பார்கள். கடையில் கதவின் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்கு வைத்திருப்பார்கள், அதன் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். பிரிப்பு இல்லாத ஆர்-18 கதவைவிடப் பிரிப்பு இருக்கிற ஆர்-12 கதவையே நான் எடுப்பேன்.

அந்தத் துண்டில் இன்னொன்றும் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாகக் குருணை குருணையாக இருந்தால் அது நம்ம தெர்மகோல், ஓர் அங்குலத்துக்கு ஆர் 4 அளவில் வரும். மஞ்சள் பூத்த நெருக்கமான நுரை என்றால் பஃப், அங்குலத்துக்கு 6-க்கு மேல். தெர்மகோலை வெட்டிச் செருகுகிறார்கள், ஓரத்தில் விரல் நுழைகிற இடம் விட்டுப்போகும். பஃப் திரவமாக ஊற்றிப் பொங்குவது, இரண்டு தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். கதவும் விறைப்பாக நிற்கும், ஏறி இறங்கும்போது கடகடவென்று சத்தமும் குறையும். மேலே தூங்குகிற பேரனுக்கு அது பெரிய உபகாரம். தகட்டின் கேஜ் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கேயும் எண் கூடினால் தகடு மெலிசு. ஜன்னல் வைத்த கதவு பார்க்க அழகு. வைத்தே ஆக வேண்டுமென்றால் இரட்டைக் கண்ணாடி.

சரி, சந்துக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

16 அடிக் கதவின் அடியில் கால் அங்குலம் சந்து விட்டால் மொத்தம் 48 சதுர அங்குலம். சுவரில் 6-க்கு 8 அங்குலத்தில், ஒரு சாமி படம் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்த மாதிரி. அந்த ஓட்டை வழியாக மைனஸ் 25 டிகிரிக் காற்று வரும்போது கதவு ஆர்-12 ஆனால் என்ன, ஆர்-18 ஆனால் என்ன?

மகள் வீட்டில் அடுத்த வருஷம் புதுக் கதவு போட்டார்கள். செப்டம்பரில், நல்ல வெயிலில், மாட்டுகிறவர் வந்து மாட்டிவிட்டு, அடி ரப்பரை இழுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார். அப்போது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஜனவரியில் ஒரு காலை இடது மூலையில் ஒரு மரக்கால் பனி குவிந்திருந்தது, கேரேஜுக்கு உள்ளே. மூடிய கதவுக்கு உள்ளே! குனிந்து பார்த்தால் அவர் போட்டது மலிவு வினைல். குளிரில் அப்பளம் மாதிரி விறைத்துச் சுருங்கி, மூலையில் வாய் பிளந்திருந்தது. போன் போட்டால் "வசந்தத்தில் வருகிறோம்" என்றார்கள். வசந்தத்தில் வந்து என்ன செய்ய? வினைல்தான் அதற்குள் தானே வளைந்துகொடுத்துவிடுமே.

ஆகவே அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் போடுகிற ரப்பர் என்ன சரக்கு என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஈபிடிஎம் ரப்பர் கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். மாட்டி முடிந்ததும் பகலில் உள்ளே நின்று விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், வெளிச்சம் எங்கே வருகிறதோ அங்கே காற்றும் வரும். காற்றடிக்கிற நாளாகப் பார்த்து ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவோரமாகச் சுற்றி வரலாம். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே சந்து. நான் அப்படித்தான் சுற்றி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், பாவம், கேரேஜுக்கு ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டு அமைதியாக நின்றார்.

தரை சமமாக இல்லையென்றால் எந்த ரப்பரும் உட்காராது. பழைய வீடு என்கிறீர்கள், சிமெண்டுத் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. முதலில் ரசமட்டம் வைத்துப் பார்க்கட்டும்.

பேரன் அறைக்கு வருகிறேன். கதவை மட்டும் மாற்றினால் அந்தத் தரை சூடாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் பாதிதான் உண்மை. கேரேஜ் கொஞ்சம் கதகதப்பானால் தரைக்கும் நல்லதுதான். ஆனால் கேரேஜின் கூரைக்கும் அறையின் தரைப்பலகைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாராவது திறந்து பார்த்தார்களா? பல வீடுகளில் பஞ்சு போட்டிருப்பார்கள், அது நாளடைவில் தொங்கிப்போய்த் தரைப்பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே காற்று விளையாடும். பஞ்சு தரைப்பலகையை ஒட்டி இருக்க வேண்டும், அல்லது நுரை அடிக்க வேண்டும். கேரேஜுக்கும் வீட்டுக்கும் நடுவே காற்றுப் போகாமல் அடைப்பது குளிருக்காக மட்டும் இல்லை, கார் புகைக்காகவும்தான். கதவைப் புதிதாக இறுக்கமாகப் போட்ட பிறகு, காரைச் சூடு பண்ணுகிறேன் என்று உள்ளே எஞ்சினை ஓடவிடவே கூடாது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேரன் அறையில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே போனில் கேளுங்கள்.

கடைசியாக ஸ்பிரிங். கதவுக்கு மேலே குறுக்கே கம்பியில் முறுக்கின ஸ்பிரிங் இருக்கும். கதவின் எடையைத் தூக்குவது அதுதான், மோட்டார் சும்மா வழிகாட்டுகிறது. நுரைக் கதவு தகரக் கதவைவிடக் கனம். பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக் காசு மிச்சம் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்கக் கணக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்தால் ஏழு வருஷம்தான் வரும், அதுவும் பெரும்பாலும் கடுங்குளிர் நாளில்தான் படீரென்று போகும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரண்டு மடங்கு ஆயுள் உள்ளது கிடைக்கும், அதற்குச் செலவு செய்யலாம். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் பாதி தூக்கி மெல்ல விடச் சொல்லுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். மேலே ஓடினாலும் கீழே விழுந்தாலும் ஸ்பிரிங் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்வது ஆளை வைத்துத்தான். மில் பெல்ட்டில் கையை விடக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் மகள் கால்கரியில் இருக்கிறாள். சில நாள் காலையில் கேரேஜ் கதவு தரையோடு ஒட்டிக்கொண்டு திறப்பதில்லையாம். மாப்பிள்ளை ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றித் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறார். இது சரியா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: திறக்கும், சாயங்காலம் இன்னும் கெட்டியாக ஒட்டும். ஊற்றின வெந்நீர் எங்கே போகும் அம்மா? ரப்பருக்கு அடியிலேயே நின்று ஐஸாகும். ஐஸ் கம்பெனியில் நாங்கள் அதைத்தான் காசுக்குச் செய்தோம்.

கால்கரியில் இது அதிகம் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குளிர்காலத்தின் நடுவே மலைப்பக்கமிருந்து சினூக் என்று ஒரு வெப்பக் காற்று இறங்கும். ஒரே நாளில் பனியெல்லாம் உருகி வாசலில் தண்ணீராக நிற்கும். காற்று நின்றதும் ராத்திரியில் அத்தனையும் உறையும். அதனால் சினூக் வந்த அன்று சாயங்காலமே கதவடியில் இருக்கிற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, ரப்பரைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்துவிடச் சொல்லுங்கள். கிரீஸ் வேண்டாம்.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் மோட்டார் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கக் கூடாது, ரப்பர் கிழியும், இல்லையென்றால் மோட்டார் போகும். மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் ஓரமாகத் தட்டி ஐஸை உடைக்கலாம். தலைமுடி உலர்த்துகிற டிரையரும் நல்ல ஆயுதம். உப்பு போட்டால் உருகும், ஆனால் சிமெண்டையும் கதவின் அடித்தகட்டையும் அரிக்கும். நாகப்பட்டினத்துக்காரன் உப்புக்கு நல்ல பெயர் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்கும் இப்படி ஏதாவது செய்யலாமா? மேற்குப் பார்த்த கார் ஷெட், ரோலிங் ஷட்டர், மேலே தகர ஷீட். மத்தியானம் உள்ளே நிற்க முடியவில்லை. ஷட்டரின் உள்பக்கம் தெர்மகோல் ஒட்டலாம் என்கிறார் ஒருவர்.
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஒட்டலாம். முதல் தடவை ஷட்டரைத் தூக்கும்போது அத்தனையும் பொடிப்பொடியாக உங்கள் தலையில் கொட்டும். ரோலிங் ஷட்டர் மேலே உருளையில் சுருளுவது, அதன்மேல் எதையும் ஒட்ட முடியாது.

உங்கள் சூடு ஷட்டரைவிட ஷீட்டிலிருந்துதான் வருகிறது. ஷீட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். மேற்கே ஷட்டருக்கு முன்னால் கீற்றுத் தட்டி ஒன்று, மத்தியானத்துக்கு மட்டும். பின்சுவரில் மேலே ஒரு சாளரம், சூடான காற்று வெளியேற. வின்னிபெக்காரர் சந்துகளை அடைக்க வேண்டும், நீங்கள் திறக்க வேண்டும்.

அதைவிட ஒன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை ஷட்டர் உள்ளே மடிந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஷட்டர் மடிந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். தெர்மகோலுக்கு வைத்த காசில் இரண்டு பக்கமும் இருக்கிற கைடு சேனலைப் பாருங்கள். பட்டையின் நுனி சேனலுக்குள் எவ்வளவு போகிறது? ஓர் அங்குலம்தான் என்றால் ஆழமான சேனலாக மாற்றி, பட்டை நுனியில் காற்றுக்கான கிளிப் போடச் சொல்லுங்கள். சேனலின் அடி அரை அடிதான் முதலில் துருப்பிடிக்கும். மழைக்கு முன்னால், ஐப்பசி பிறப்பதற்குள், அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடித்துவிடுங்கள்.